க்ளியரன்ஸ் படிவத்தின் 23-ஆம் பகுதி: பழைய போதைப் பழக்கத்தை மறைத்தால் என்ன ஆகும்

அமெரிக்காவில் பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனங்களில் சேர்கிற நம் பிள்ளைகளும், குடியுரிமை வாங்கிய கையோடு அரசு புராஜெக்ட்டுகளுக்குப் போகிற ஐ.டி. ஆட்களும் ஒரு கட்டத்தில் எஸ்.எஃப்-86 படிவத்தின் முன் உட்கார வேண்டியிருக்கிறது. அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதிக்காக, அதாவது க்ளியரன்ஸுக்காக, நிரப்புவது அது. நூறு பக்கத்துக்கு மேல் நீளும் படிவம். குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், ஊரில் இருக்கும் உறவினர்கள், கடன்கள் என்று எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பிக்கொண்டே வருபவருக்கு 23-ஆம் பகுதி வந்ததும் கை நின்றுவிடும். போதைப்பொருள் பற்றிய பகுதி அது. அங்கே எழுகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “காலேஜ்ல ரெண்டு மூணு தடவை கஞ்சா இழுத்திருக்கேன். போலீஸ் கேஸ் எதுவும் இல்ல, யாருக்கும் தெரியாது. எழுதணுமா?”

எழுத வேண்டும். காரணம், க்ளியரன்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற முறையிலேயே இருக்கிறது.

2017 ஜூன் 8 முதல் எல்லா மத்திய அமைப்புகளும் ஒரே விதிமுறைத் தொகுப்பை வைத்துத்தான் இதைத் தீர்மானிக்கின்றன. ‘சீட் 4’ என்று அந்தத் துறையில் சொல்வார்கள். அதில் ஏ முதல் எம் வரை 13 அளவுகோல்கள். போதைப்பொருளுக்கு எச், தனிமனித நடத்தைக்கு ஈ. நீங்கள் கஞ்சா இழுத்தது எச்-இல் வரும். அதைப் படிவத்தில் மறைத்தது ஈ-இல் வரும். இரண்டும் வெவ்வேறு விதமாக வயதாகின்றன என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எச்-இல் காலம் உங்கள் பக்கம். பழைய விஷயம், எப்போதோ சில முறை, இனிமேல் நடக்க வாய்ப்பில்லை என்று காட்ட முடிந்தால் அது தணிந்துபோகிற குறை. ஈ-இல் கணக்கு தொடங்குவதே நீங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 வயதில், 2019-இல், நண்பர்களோடு மூன்று முறை கஞ்சா. 2024-இல், 25 வயதில், படிவம். உண்மையை எழுதினால், க்ளியரன்ஸ் பற்றித் தீர்ப்பளிப்பவர் முன் இருப்பது ஐந்து வருடத்துக்கு முந்தைய மாணவப் பருவத்துத் தவறு. ‘இல்லை’ என்று போட்டுவிட்டுப் பிறகு வெளியே வந்தால், அவர் முன் இருப்பது வளர்ந்த ஆள் ஒருவர் வீட்டில் நிதானமாக உட்கார்ந்து, எச்சரிக்கை வாசகத்தைப் படித்துவிட்டு, அரசிடம் சொன்ன பொய். அதற்கு வயது சில மாதம்தான். இதில் எது பெரிய சிக்கல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. க்ளியரன்ஸ் என்பதே, யாரும் கூட இல்லாதபோதும் உண்மையாக நடந்துகொள்வார் என்று ஒருவரை நம்பி ரகசியத்தைக் கொடுப்பது. சந்தேகம் இருந்தால் அது தேசப் பாதுகாப்புக்குச் சாதகமாகவே தீர்க்கப்படும் என்பது விதி. க்ளியரன்ஸ் யாருடைய உரிமையும் இல்லை என்று 1988-இல் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 23-ஆம் பகுதியின் தலைப்பிலேயே ஒரு வாக்கியம் இருக்கிறது: நீங்கள் உண்மையாகத் தரும் பதிலும் அதிலிருந்து கிடைக்கும் தகவலும் பின்னால் எந்தக் குற்ற வழக்கிலும் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தப்படாது. பொய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தே பொய் சொல்வது மத்தியக் குற்றவியல் சட்டத்தின் 1001-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். செய்ததைச் சொன்னால் அந்தப் பதிலை வைத்து வழக்கு இல்லை, மறைத்தால் மறைத்ததே வழக்காகலாம்.

சரி, படிவம் உண்மையில் என்ன கேட்கிறது? இங்கேதான் நிறையப் பேர் தாங்களாகவே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு தப்புச் செய்கிறார்கள்.

பொதுவான கேள்வி கடந்த ஏழு வருடங்களுக்கானது. கையெழுத்துப் போடும் தேதியிலிருந்து பின்னோக்கி ஏழு வருடம் எண்ணுங்கள். ‘பயன்படுத்துதல்’ என்பதற்குப் படிவம் தரும் விளக்கத்தில் ஊசி, மூக்கு, புகை, விழுங்குதல் எல்லாம் வருவதோடு ‘சோதித்துப் பார்த்தல்’ என்பதும் வருகிறது. ஆகவே ஒரே ஒரு இழுப்பும் கணக்கில் சேரும். “அது சும்மா ட்ரை பண்ணதுதானே” என்ற வாதம் அங்கே எடுபடாது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டப்படிதான் பதில் சொல்ல வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. கொலராடோவிலோ கலிபோர்னியாவிலோ கடையில் ரசீதோடு வாங்கிய கஞ்சா மிட்டாயும் இதில் அடக்கம். ஒரேகானில் அனுமதியோடு எடுத்த போதைக் காளானும் அடக்கம்.

ஏழு வருட வரம்பு இல்லாத கேள்விகளும் உண்டு. க்ளியரன்ஸ் கையில் இருந்த காலத்தில் எப்போதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? காவல், நீதிமன்றப் பணி, பொதுமக்கள் பாதுகாப்பை நேரடியாகத் தொடும் பணியில் இருந்தபோது? போதைப் பழக்கத்துக்காக ஆலோசனையோ சிகிச்சையோ எடுக்கும்படி எப்போதாவது சொல்லப்பட்டிருக்கிறீர்களா? இவற்றுக்கெல்லாம் ‘எப்போதாவது’ என்பதுதான் கால அளவு. பக்கத்திலிருக்கும் 22-ஆம் பகுதியிலும் போதைப்பொருள் அல்லது மது தொடர்பாக எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டீர்களா என்ற கேள்வி இருக்கிறது. வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், பதிவு முடக்கப்பட்டிருந்தாலும், மத்தியச் சட்டத்தின் குறிப்பிட்ட ஒரு விலக்கைத் தவிர, எழுதியே ஆக வேண்டும். “வக்கீல் எல்லாத்தையும் அழிச்சுட்டார்” என்று நம்பி விட்டுவிட்டவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான். மாநிலத்துக்கு அழிந்த பதிவு மத்தியப் புலனாய்வாளருக்கு அழிந்ததாக ஆகாது.

பயன்படுத்தியதற்குத் தனிக் கேள்வி; வாங்கியது, விற்றது, கைமாற்றியது, வளர்த்தது எல்லாவற்றுக்கும் தனிக் கேள்வி. நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டு வாங்கினீர்களா? அது வாங்கியதாகும். நண்பனுக்காக நீங்கள் போய் வாங்கிவந்து கொடுத்து அவனிடம் இருபது டாலர் பெற்றுக்கொண்டீர்களா? அதையும் எழுத வேண்டும். முதல் கேள்விக்கு நேர்மையாக ‘ஆம்’ போட்டுவிட்டு இரண்டாவதற்கு யோசிக்காமல் ‘இல்லை’ போடுவது அடிக்கடி நடக்கிறது. “அப்படியென்றால் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?” என்பதுதான் நேர்காணலில் அடுத்த கேள்வியாக வரும்.

நம்மவர்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. படிக்கிற காலத்தில் ரூம்மேட்டிடம், கவனக்குறைவுக் கோளாறுக்கு டாக்டர் எழுதித்தரும் அட்டரால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பரீட்சைக்கு முந்தைய ராத்திரி விழித்திருப்பது. அதைப் போதை என்றே யாரும் நினைப்பதில்லை. ஆனால் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்ததை நீங்கள் போட்டுக்கொண்டது மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியதுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த டிராமடால் (வலி மாத்திரை), அல்பிரசோலம் (பதற்றத்துக்கான மாத்திரை) போன்றவையும் அப்படியே. இந்தியாவில் உங்கள் பெயருக்கே டாக்டர் எழுதிக்கொடுத்து, வலிக்காக, சொன்ன அளவில் சாப்பிட்டது வேறு. அம்மாவின் சீட்டில் வாங்கியதை ராத்திரித் தூக்கத்துக்காகப் போட்டது வேறு. படிவம் கேட்பது ‘வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்தியது’ பற்றி. எந்தப் பக்கம் விழுகிறது என்று சந்தேகம் வந்தால் குறிப்புக் கட்டத்தில் நடந்ததை அப்படியே எழுதிவிடுவது நல்லது.

வடநாட்டில் படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல், ஹோலியன்று குடித்த பாங், அதாவது கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பானம். இந்தியாவின் 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டமான என்.டி.பி.எஸ். பூந்தலை சேராத இலையைக் கஞ்சாவாகக் கருதுவதில்லை, அதனால்தான் அங்கே அனுமதி பெற்ற பாங் கடைகள் இருக்கின்றன. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இலையும் கஞ்சாதான். ஏழு வருடத்துக்குள் குடித்திருந்தால் எழுதிவிட்டு, இந்த ஊரில், இந்தப் பண்டிகைக்கு, அங்கே சட்டப்படி விற்றதைக் குடித்தேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதனால் யாருக்கும் க்ளியரன்ஸ் போகப்போவதில்லை என்பதே எங்கள் கணிப்பு. மறைத்துவைத்து, கூடப் படித்தவர் வாயிலாக வெளிவந்தால்தான் சின்ன விஷயம் பெரிதாகும்.

இனி, எண்ணிக்கை. ‘ஆம்’ என்று போட்டதும் படிவம் மேற்கொண்டு கேட்கும்: என்ன பொருள், முதல் முறை எந்த மாதம் எந்த வருடம், கடைசி முறை எப்போது, எத்தனை முறை, எப்படிப்பட்ட பழக்கம், இனிமேல் பயன்படுத்தும் எண்ணம் உண்டா, இல்லையென்றால் ஏன். பலர் மறைப்பது இந்த இடத்தில்தான். முழுக்க இல்லையென்று சொல்ல மனசு வராது, அதனால் குறைத்துச் சொல்வார்கள். படிவத்தில் ‘ஒரு முறை’. புலனாய்வாளர் எதிரில் உட்கார்ந்ததும் ‘மூணு நாலு இருக்கலாம்’. பிறகு வேறொரு அமைப்பின் பாலிகிராஃப் (பொய் கண்டறியும் சோதனை) அறையில் ‘இருபது இருக்கும்’. சி.ஐ.ஏ., என்.எஸ்.ஏ., எஃப்.பி.ஐ. போன்ற இடங்களில் பாலிகிராஃப் உண்டு. அங்கே சொன்னது பாதுகாப்புத் துறையின் கோப்புக்கு வந்து சேரலாம். தீர்ப்பளிப்பவர் மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது இருபது முறை கஞ்சா இழுத்தவர் இல்லை. கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தவர். இருபது என்று முதலிலேயே எழுதியிருந்தால் அந்த எண் தாங்கக்கூடியதாகவே இருந்திருக்கும்.

ஆகவே படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வருடங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கே குடியிருந்தீர்கள், யாரோடு, என்ன படித்தீர்கள் அல்லது எங்கே வேலை என்று குறியுங்கள். இடமும் ஆளும் வந்துவிட்டால் சம்பவங்கள் தானாக நினைவுக்கு வரும். பயணங்களைத் தனியாகப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாம், கனடா, கல்யாணத்துக்கு முந்தைய நண்பர்கள் சுற்றுலா எல்லாம் மறந்துபோகிற இடங்கள். மாதம் சரியாகத் தெரியாவிட்டால் தோராயம் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், அதற்காகத்தான் அந்தக் கட்டம். எண்ணிக்கையை ‘சில முறை’ என்று விடாமல் ‘8 முதல் 12 முறை வரை’ என்று வரம்பாகச் சொல்லுங்கள். வரம்பின் மேல் எண் உங்கள் மனதில் இருக்கும் உண்மையான உச்சமாக இருக்கட்டும். நேர்காணலில் எண் இறங்கினால் யாருக்கும் கவலை இல்லை. ஏறினால்தான் கவலை.

“எப்படித் தெரியப்போகிறது?” என்பதற்கு நேரான பதில்: பெரும்பாலும் உங்கள் வாயாலேயே தெரியும். டாப் சீக்ரெட் அளவுக்கு நீங்கள் கொடுத்த பெயர்களையும் தாண்டி, அவர்கள் சொல்லும் பெயர்களையும் புலனாய்வாளர் தேடிப் போவார். பழைய ரூம்மேட், விவாகரத்தான துணை, முன்னாள் மேலாளர் என்று யாரிடம் எந்தக் கோபம் மிச்சமிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. இராணுவத்தில் சேரும்போது நிரப்பிய படிவம், முன்பு வேறு அரசு வேலைக்காகக் கொடுத்த விண்ணப்பம் எல்லாம் ஒப்பிடப்படும். ஆனால் ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் வழக்குகளை விசாரிக்கும் பாதுகாப்புத் துறை அலுவலகமான டோஹா வெளியிடும் தீர்ப்புகளைப் படித்தால் அடிக்கடி கண்ணில் படுவது வேறு: முதல் படிவத்தில் மறைத்தவர், சில வருடம் கழித்து அடுத்த படிவத்திலோ பாலிகிராஃப் முன்போ தானே சொல்லிவிடுகிறார். இரண்டு படிவங்களும் ஒத்துப்போவதில்லை.

மறைத்தது ஏற்கெனவே நடந்துவிட்டால்? திருத்த வழி இருக்கிறது. அதற்கு நேரம் முக்கியம். ஈ அளவுகோலின் 17-ஆம் பத்தி, ஆதாரத்தைக் காட்டிக் கேட்பதற்கு முன்பே, தாமதிக்காமல், நல்லெண்ணத்தோடு தானாகத் திருத்தியவருக்குச் சலுகை தருகிறது. ‘காட்டிக் கேட்பதற்கு முன்’ என்பதில்தான் எல்லாம். புலனாய்வாளர்கள் வழக்கமாகப் படிவக் கேள்வியையே முதலில் திரும்பக் கேட்பார்கள்: “கடந்த ஏழு வருடத்தில் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா?” கையில் ஆவணம் இருந்தாலும் அதை உடனே எடுக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்லி, பிறகு அவர் காகிதத்தை எடுத்துவைத்ததும் “ஆமாம், அது ஒண்ணு இருக்கு” என்று சொன்னால் அந்தச் சலுகை போய்விட்டது. அதோடு இன்னொரு பொய்யும் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதனால் படிவத்தில் தவறு இருப்பது தெரிந்தால் நேர்காணல் வரை காத்திருக்காமல் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: இந்தப் பகுதி, இந்தக் கேள்வி, நான் கொடுத்த பதில், சரியான பதில், தேதியும் எண்ணிக்கையும். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். நேர்காணல் தேதி முந்திக்கொண்டால் வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள்.

எல்லா விடுபடலும் பொய் ஆகாது. வேண்டுமென்றே செய்தாரா என்பதையும் பார்க்கிறார்கள். கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்பது உண்மையாக இருந்தால் நிற்கும். ஆனால் முதுகலைப் பட்டம் வாங்கி, இதே படிவத்தை முன்பு ஒருமுறை நிரப்பியவர் அதைச் சொன்னால் நம்புவது கடினம். காரணம் ஒவ்வொரு முறையும் மாறினால் இன்னும் கடினம். யாரோ சொல்லித்தான் மறைத்தேன் என்பதற்கும் ஒரு சலுகை இருக்கிறது, ஆனால் அந்த ‘யாரோ’ வக்கீலாகவோ, இந்த நடைமுறையைப் பற்றி ஆலோசனை சொல்வதையே பொறுப்பாகக் கொண்டவராகவோ இருக்க வேண்டும். “எழுதாதே கண்ணு, வேலை போயிடும்” என்று அப்பா சொன்னதும், டீமில் சீனியர் சொன்னதும் இதில் வராது. வீட்டாரின் பயம் புரிகிறது. பிள்ளையின் பழைய விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற கவலை அது. புலனாய்வாளர் உங்கள் பக்கத்து வீட்டாரிடம் “இவர் போதைப்பொருள் பயன்படுத்தி உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்பார். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று அவரிடம் சொல்ல மாட்டார்.

குடியுரிமை பெற்று வந்தவர்கள் மட்டும் ஒரு படி கூடுதலாகப் பார்க்க வேண்டும். குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தில், கைதாகாத குற்றம் எதுவும் செய்ததுண்டா என்ற கேள்விக்கு அன்று என்ன பதில் சொன்னீர்கள்? கஞ்சா பயன்படுத்தியது குடியுரிமைக்கு முன்னால் என்றால் இரண்டு பதில்களும் மோதலாம். மேலே சொன்ன பாதுகாப்பு வாக்கியம் குற்ற வழக்குக்கு மட்டும்தான். குடியேற்றச் சட்டமும் க்ளியரன்ஸ் நடைமுறையும் தெரிந்த வக்கீலிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

உண்மையை எழுதினால் க்ளியரன்ஸ் நிச்சயம் என்றும் யாரும் உறுதி தர முடியாது. போன மாதம் வரை இழுத்தவர், க்ளியரன்ஸ் கையில் வைத்துக்கொண்டே இழுத்தவர், இனியும் இழுப்பேன் என்பவர், இவர்களுக்குக் கஷ்டம்தான். இப்போதும் சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவருக்குக் கொடுக்கவே கூடாது என்பது பாண்ட் திருத்தச் சட்டம். முன்பு பொழுதுபோக்காகக் கஞ்சா பயன்படுத்தியதைக் கணக்கில் எடுக்கலாம், ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று 2021 டிசம்பரில் தேசிய உளவுத் துறை இயக்குநர் ஏவ்ரில் ஹெய்ன்ஸ் சுற்றறிக்கை அனுப்பினார். படிவத்தில் கையெழுத்திட்டதிலிருந்து தொடக்கூடாது என்பதையும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெய், சி.பி.டி. மிட்டாய் ஆகியவற்றில், போதை தரும் பொருளான டி.எச்.சி. மேலே ஒட்டிய அளவைவிட அதிகம் இருக்கக்கூடும் என்றும் எச்சரித்தது. அந்தப் பொருள்களையே விட்டுவிடுங்கள். எஃப்.பி.ஐ. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதற்கென்று தனிக் கணக்கு: விண்ணப்பிப்பதற்கு முன் கஞ்சாவை ஒரு வருடமும் மற்றவற்றைப் பத்து வருடமும் தொட்டிருக்கக் கூடாது. அங்கே போதை வரலாற்றைத் திரித்துச் சொல்வதே தகுதியிழப்பு.

உங்கள் பக்கத்தை வலுப்படுத்த விதிகளே சொல்லும் மூன்று வேலைகள் உண்டு. பழைய கூட்டத்திலிருந்து விலகுவது, அந்தச் சூழலை மாற்றுவது, இனித் தொட மாட்டேன், தொட்டால் க்ளியரன்ஸைப் பறிக்கலாம் என்று கையெழுத்திட்ட ஒரு உறுதிமொழி. மூன்றாவது ஒரு பக்கக் காகிதம்தான். கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விஷயம் முற்றிவிட்டால் குற்றச்சாட்டுப் பட்டியல் ஒன்று வரும். எஸ்.ஓ.ஆர். என்பார்கள். ஒப்பந்த ஊழியர்களுக்குப் பதில் சொல்ல, கையில் கிடைத்ததிலிருந்து 20 நாள். ஒவ்வொரு வரிக்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று தனித்தனியாகப் பதில் தர வேண்டும். விசாரணை வேண்டுமென்றால் அதிலேயே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காகிதத்தை வைத்தே தீர்ப்பு. மறைத்த வழக்கில் விசாரணை கேட்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. நம்பகத்தன்மைதான் கேள்வி என்றால் நீதிபதி உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பது உதவும். மேலாளர், சக ஊழியர்களின் கடிதங்களைச் சேர்க்கும்போது, கடிதம் தருபவருக்குக் குற்றச்சாட்டு என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், அது கடிதத்திலும் இருக்க வேண்டும். “நல்ல பையன், கடின உழைப்பாளி” என்று மட்டும் வருகிற பத்துக் கடிதங்களைவிட, “படிவத்தில் கஞ்சாவை மறைத்தது எனக்குத் தெரியும், என்னிடம் அவரே சொன்னார்” என்று தொடங்கும் ஒரு கடிதம் அதிக எடை. தீர்ப்பு எதிராக வந்தால் மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 15 நாள். அதிலும் தோற்றால், ஒரு வருடம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்க இடமுண்டு. அந்த ஒரு வருடத்தில், மறைத்ததைப் பற்றி வீட்டிலும் வேலையிலும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிமுடித்திருங்கள். அடுத்த நீதிபதி கேட்கிற முதல் விஷயங்களில் அதுவும் ஒன்று.

க்ளியரன்ஸ் கிடைத்துவிட்டால், நீங்கள் அனுப்பிய படிவத்தின் முழு நகலையும், கணக்குப் போட்ட அந்த வெள்ளைத்தாளையும், உறுதிமொழியையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கும் முறை போய், குற்றப் பதிவுகளையும் கடன் பதிவுகளையும் தொடர்ந்து கவனிக்கும் முறை வந்துவிட்டது. புதிய வேலை, புதிய அமைப்பு என்று வரும்போது படிவமும் திரும்ப வரும். படிவத்தின் வடிவமும் கேள்விகளும் மாறலாம், அதனால் அன்று கையில் இருக்கும் படிவத்தின் கேள்வியை வரிக்கு வரி படியுங்கள். பதில் மட்டும் உறையில் இருக்கும் நகலோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு முறை சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.